ஆட்டின் மேல் எறிந்த கல்

1978இல் நிலவியல் துறை அதிகாரி ஒருவர் ஜவ்வாது மலைக்குக் குருந்தக்கல் தேடி வந்தார். அபூர்வமான கல். சிறிதாக இருந்தாலும் கையில் கனக்கும். கெட்டியான வெள்ளைப் பாறையையே கீறும். மூன்று மாதம் அவருடைய சுத்தியலைச் சுமந்து வழிகாட்டியவன் வெள்ளையன். மலையில் தனக்குத் தெரியாத கல்லே இல்லை என்பான். ஒன்றும் அகப்படவில்லை.

ஒருநாள் வெள்ளையனின் பக்கத்து நிலத்துப் பாஞ்சாலை, முந்தானையில் ஒரு கல்லை முடிந்துகொண்டு வந்தாள். அதிகாரி அதை வெள்ளைப் பாறையில் இழுத்தார். ஆழமாகக் கோடு விழுந்தது. உடனே தன் மடக்கு நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். மூன்று மாதத்தில் வெள்ளையனை ஒருமுறைகூட அவர் உட்காரச் சொன்னதில்லை.

“ஆடு மேய்க்கிறவளுக்குக் கல்லப் பத்தி இன்னா தெரியும் சார்? எங்க திருடினாளோ!” என்றான்.

“எங்கேம்மா கிடைச்சது?” என்று கேட்டார் அதிகாரி.

“நான் எங்கங்க தேடுனேன்? தன் சாமைக் கொல்லையில என் ஆடு பூந்துடுச்சின்னு இந்த அண்ணன்தான் இந்தக் கல்ல வுட்டெறிஞ்சாரு. ஆட்டுக்குக் காலு ஒடிஞ்சிடுச்சி. இத்தினியூண்டு கல்லு எப்பிடி ஒடைச்சிதுன்னு எடுத்துப் பார்த்தேன். அம்மாங் கனம்!”

அதற்குப் பிறகு ஆட்டை விரட்டக் கல்லெடுத்தால், வெள்ளையன் முதலில் அதைக் கையில் வைத்து எடை பார்ப்பான். அதற்குள் ஆடு பாதிச் சாமையைத் தின்றிருக்கும்.