நார்த்தங்காய் போட்ட ஞாயிறு

"எப்பக்கா திரும்பிப் போற?" என்று அன்று நான் கேட்கவில்லை.

கேட்கச் சொல்லித்தான் அம்மா என்னை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். காலை ஆறு மணிக்கே அப்பாவையும் கூட்டிக்கொண்டு நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கிளம்பியவள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கிசுகிசுத்தாள். "நான் கேட்டா அழுவா. நீ கேளு. உன்கிட்டதான் சொல்லுவா."

வித்யா அக்கா கோயம்புத்தூரிலிருந்து வந்து அன்றோடு பதினோரு நாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றுதான் வந்தாள். ஆனால் கையில் பெரிய சூட்கேஸ். அவள் கணவர் சுரேஷ் மாமாவிடமிருந்து ஒரு போன் இல்லை. வீட்டில் நாங்கள் எல்லோரும் மெதுவாக நடந்தோம், யாரோ காய்ச்சலில் படுத்திருப்பதைப் போல...

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் சமையலறையிலிருந்து ஊறிய பருப்பின் வாசனை. அந்தக் காலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அடைக்கு இரவே அரிசியும் பருப்பும் மிளகாயும் ஊறப்போட்டிருந்தாள் அக்கா.

"முருங்கைக்கீரை வாங்கிட்டு வந்துடலாம், வா. எத்தனை நாளாச்சு சந்தைக்குப் போய்."

அடையாறில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிறுதோறும் இயற்கைச் சந்தை கூடும். விவசாயிகளே கொண்டுவந்து விற்பார்கள். பிளாஸ்டிக் பை தர மாட்டார்கள், பையை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பைகளில் ஒன்றை உருவிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மந்தைவெளியிலிருந்து பத்து நிமிடம்.

கீரைக்கார அம்மாவிடம் பையை விரித்துப் பிடித்தபோதுதான் பார்த்தேன். அக்கா கல்யாணத்துத் தாம்பூலப் பை. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து. வித்யா – சுரேஷ்.

தேங்காய் போட்டு எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சிய பைகள் எங்கள் வீட்டில் வருடக்கணக்காகக் காய்கறி சுமந்துகொண்டிருந்தன. எல்லோர் வீட்டிலும் அப்படித்தானே... அதில் பெயர் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

கீரைக்கார அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். "இன்னாம்மா, கல்யாணப் பையா? ரெண்டு பேர்ல யாரு வித்யா?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"மாப்ள வர்ல? இன்னும் தூங்கிக்கினு கீறாரா?"

எனக்குக் காது சுட்டது. அக்கா சிரித்தாள். "அவரு ஊர்ல இருக்காருக்கா." என் கையிலிருந்து பையை வாங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். "மண்ணு ஒட்டியிருக்கு" என்றாள். மண் எதுவும் இல்லை.

இரண்டு கட்டு கீரை, சின்ன வெங்காயம், வாழையிலையில் மடித்த வெண்ணெய். கிளம்பும்போது அதே அம்மாவின் நார்த்தங்காய்க் குவியலின் முன் அக்கா நின்றுவிட்டாள்.

"உப்புல போட்டா எத்தனை நாள் ஆகும்க்கா?"

"பத்து நாளு ஊறணும், தெனம் குலுக்கணும். அப்பால வெயில்ல காயணும். வாய்க்கு வர்றதுக்கு ஒரு மாசம் ஆவும் கண்ணு. அவசரத்துக்கு ஆவாது."

அக்கா அரை டஜன் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் பேப்பரை விரித்துக் கீரை ஆய உட்கார்ந்தோம். முருங்கைக்கீரை ஆய்வதைப் போல் பேச்சுக்கு வசதியான வேலை வேறு இல்லை. கை பாட்டுக்கு உருவிக்கொண்டிருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் அந்தக் கேள்வி, கேட்பதற்கு முன்பே, "போ" என்பதைப் போல எனக்குக் கேட்டது.

அக்காவே ஆரம்பித்தாள். "அம்மா ஏதோ கேக்கச் சொன்னாங்க போல?"

"காம்பு இல்லாம ஆயச் சொன்னாங்க."

"அதுக்கா நங்கநல்லூர் போனாங்க!"

இருவரும் சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

அடை கனமாக, நிதானமாக வெந்தது. நடுவில் குழி பண்ணி எண்ணெய் விட்டாள். எனக்கு முதல் அடையைத் தராமல் கருகிய ஓரத்தைப் பிய்த்து அவளே தின்றுவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றாள். வெண்ணெய் உருகி வழிய, சமையலறைத் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டோம்.

பிறகு நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்பும் மஞ்சள்தூளும் அடைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாள்.

"தினமும் குலுக்கறதெல்லாம் நான் மறந்துடுவேன்க்கா" என்றேன்.

"உன்னை யாருடி குலுக்கச் சொன்னா? நான் பாத்துக்கறேன்."

பாட்டிலை மூடி, ஜன்னலோரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

பத்து மணிக்கு அம்மா வடைப் பிரசாதத்தோடு வந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கேட்டியா?" என்றாள்.

ஜன்னலோரத்தைக் காட்டினேன். "நார்த்தங்காய் போட்டிருக்கா. ஒரு மாசம் ஆகுமாம். அவளே குலுக்கிப்பாளாம்."

அம்மா அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து பெரிய பீங்கான் ஜாடியை இறக்கினாள். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அக்காவிடம் அதை நீட்டினாள்.

"பாட்டில்ல போட்டா மூடி துருப்பிடிச்சுடும்டி. இதுல மாத்து."

அக்கா ஜாடியை வாங்கித் துடைக்க ஆரம்பித்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்...

இப்போது நான் இருக்கும் ஊரில் ஆய்ந்து கழுவிய முருங்கைக்கீரை டப்பாவில் வருகிறது. ஆர்டர் போட்டால் பத்தே நிமிடம். அடையும் நன்றாகத்தான் வருகிறது. சாப்பிட்டு முடித்து மணியைப் பார்த்தால் எட்டரைகூட ஆகியிருக்காது. மிச்ச ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரிவதில்லை.

அக்கா திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் விவாகரத்து ஆனது. மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பரணில் ஜாடி இருந்த இடத்தில் இப்போது அந்தப் பெரிய சூட்கேஸ் இருக்கிறது.