கடைசி ஆள் இறங்கும் வரை

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், என் கைப்பேசித் திரையில் ஒரு குட்டி ஸ்கூட்டர் நின்றுபோனது. பரோட்டா கொண்டுவருகிறவருடையது. வீட்டில் மாவு இருந்தது, சட்னிக்குத் தேங்காயும் இருந்தது. எனக்குத்தான் எழுந்து அடுப்படிக்குப் போக மனமில்லை. அதற்காக யாரோ ஒருவரை மழையில் அலையவிட்டிருந்தேன். ஸ்கூட்டர் டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டியது, வடக்குத்து கிராமத்துப் பக்கம் திரும்பியது, அப்படியே நின்றது. 'வந்துகொண்டிருக்கிறார்' என்று கீழே எழுத்து மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"சிக்னல் இருக்காது. உக்காரு," என்றார் என் வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற பிறகு உலகத்தின் எல்லாத் துயரங்களுக்கும் அவரிடம் இந்த ஒரே விளக்கம்தான்.

நான் உட்காரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டில் போய் நின்றேன். சுரங்கப் பக்கமிருந்து காற்று வந்தது. நனைந்த நிலக்கரி வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றியது போல இருக்கும், கொஞ்சம் கந்தகமும் சேர்ந்து. இந்த வாசனை வந்தால் என் கால்தான் முதலில் தெருவுக்கு ஓடும். மூளை மெதுவாகப் பின்னால் வரும்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். மாப்பிள்ளை பெர்மனென்ட் என்றதும் என் அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. பெர்மனென்ட்டாக என்ன செய்கிறார் என்றுகூட. பெர்மனென்ட்டாகப் பள்ளத்தில் இறங்குகிறார் என்பது வந்த பிறகு எனக்குத் தெரிந்தது. "குகையெல்லாம் இல்ல, திறந்தவெளிதான், மேல வானம் தெரியும்," என்று சமாதானம் சொன்னார். எங்கள் ஊரைக் கோயில் குளத்தோடு உள்ளே இறக்கி வைக்கலாம், அப்படி ஒரு பள்ளம். வானம் தெரிந்தால் மண் சரியாதா?

பயப்படுவதில் எனக்கு இயற்கையாகவே தேர்ச்சி உண்டு. போதாததற்குக் கதைப் புத்தகம் படிக்கிற பழக்கம் வேறு. மற்றவர்களுக்குப் பயம் பயமாக மட்டும் வரும். எனக்கு அத்தியாயம் அத்தியாயமாக வரும்.

மொபைல் இல்லாத காலம். மழை நாளில் சுரங்கத்தில் ஏதாவது ஆகிவிட்டால் ஷிப்ட் பஸ்ஸுக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்துவிடும். எங்கள் தெருப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, பஸ் நிற்கிற தெருமுனைப் பலாமரத்தடிக்கு வந்துவிடுவோம். யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

அங்கேதான் லூர்து அக்கா கதை சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர், கடலூர் முதுநகரில் பிறந்தவர். தாயம் ஆடினால் கூசாமல் ஏமாற்றுவார். கையும் களவுமாகப் பிடித்தால், "ஞாயித்துக்கெழம கோயில்ல சொல்லிக்கிறேன், நீ உருட்டு," என்பார். மரத்தடியில் வலது கையில் ஜெபமாலை நகரும், வாயில் கதை நகரும். இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "மாதாவுக்கு வெரலு போதும். ஒங்களுக்குத்தான் வாய் வேண்டிகீது."

கதை ஒன்றே ஒன்றுதான். கெடிலம் ஆற்றில் ஓர் ஓடக்காரன். பொழுது சாய்ந்து ஓடத்தைக் கட்டுமுன் அக்கரையைப் பார்த்து, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்துவான். பதில் வந்தால் போய் ஏற்றிக்கொண்டு வருவான். ஒருநாள் தவில்காரர், ஒருநாள் மாமியாரிடம் கோபித்துக்கொண்ட மருமகள், ஒருநாள் ஒரு பேய். பேயையும் ஏற்றினான், கூலியை மட்டும் முதலிலேயே வாங்கிக்கொண்டான். கட்டுக்கோப்பு என்று பார்த்தால் கதையில் ஒன்றுமே கிடையாது. ஆனால் உயர்ந்த கதைகளையெல்லாம் நான் படுத்துக்கொண்டு படித்திருக்கிறேன். பயத்தில் பல் கிட்டிப்போய், நின்றபடி கேட்ட கதை இது ஒன்றுதான்.

பஸ்ஸிலிருந்து கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் ஓடக்காரன் ஓடத்தைக் கட்டுவான். அதுவரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது, தன் புருஷன் வந்துவிட்டாலும். இது அக்காவின் சட்டம். எதிர்வீட்டு மதுரைக்காரி பரமேஸ்வரி ஒருமுறை சண்டைக்கே போனாள். "எங்க ஆளு வந்துட்டாருல்ல, நான் எதுக்கு நிக்கணுங்கிறேன்?"

"ஒன் ஆளு வர்ற வரைக்கும் நாங்க எதுக்குடி நின்னோம்?"

ஓர் ஐப்பசி மாத மதியம் அப்படித்தான் இருட்டிக்கொண்டிருந்தது. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். "பம்ப்பு இருக்கற பக்கம் மண்ணு சரிஞ்சிட்ச்சாம்மா."

மரத்தடியில் கூடினோம். "ரெண்டு பேராம்," என்றது ஒரு குரல். "அஞ்சுன்னாங்க," என்றது இன்னொன்று. எனக்குள் மூன்றாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நான் ஏற்கெனவே பிறந்த வீட்டுக்கு ரயிலேறியிருந்தேன். பரமேஸ்வரி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டு அக்காவைப் பார்த்தாள். "இன்னிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் யாருக்கா, எங்க பிள்ளையாரா, உங்க மாதாவா?"

"ரெண்டு பேருக்கும் ஓவர்டைம்டி," என்ற அக்கா, "ஓடக்காரன் அன்னிக்கி சாயங்காலம்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

என் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அஞ்சலையும் கை நுரையோடு வந்து நின்றாள். வடக்குத்துக்காரி. அவள் புருஷன் ஏழுமலை சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் தண்ணீர் இறைக்கிற பம்ப்பைப் பார்த்துக்கொள்கிறவர். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஷிப்ட் பஸ் கிடையாது. தினமும் பஸ் வந்து போன பிறகு ஏழுமலையின் சைக்கிள் எங்கள் தெரு வழியாக வரும், அஞ்சலை கேரியரில் ஏறிக்கொள்வாள்.

பஸ் வந்தது. முட்டிவரை சேற்றோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். என் வீட்டுக்காரரும் இறங்கினார். எனக்கு அழுகை வரவில்லை, விக்கல் வந்தது. "எல்லாரும் மேல வந்தாச்சு. எண்ணிப் பாத்துட்டாங்க, ஒரு ஆளும் குறையல," என்றார். பரமேஸ்வரி குடையை விரித்தாள்.

"ஓடக்காரன் கயித்த கையில எடுத்தான்," என்ற லூர்து அக்கா, அஞ்சலையைப் பார்த்து நிறுத்தினார். "கட்டல."

"அக்கா, அதான் கணக்கு சரியாயிருக்குன்னு சொல்றேனே."

"யாரு கணக்குப்பா? பஸ்ல வர்றவங்க கணக்கா? சைக்கிள்ல வர்றவன யாரு எண்ணுனது?"

"அத... அவங்க கான்ட்ராக்டர்தான் பாக்கணும்."

"பாத்தாரா?"

என் வீட்டுக்காரர் முட்டிச் சேற்றை வழிக்கக் குனிந்தார். அஞ்சலைதான் எங்களைத் தேற்றினாள். "வுடுங்கம்மா, வந்துகினு இருக்கும். சைக்கிள்ல காத்து எறங்கியிருக்கும்." தெருவில் சைக்கிள் எதுவும் வரவில்லை.

அக்கா போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றார். "தம்பி, வண்டியத் திருப்பு."

"யக்கா, டிப்போவுக்குப் போற வண்டி இது."

"மைன்ஸுக்குப் போற வண்டி. ஏறுங்கடி."

என் வீட்டுக்காரரும் இறங்கிய ஆண்களில் இன்னும் சிலரும் திரும்ப ஏறினார்கள். "அடுப்புல பருப்பு கெடக்கு," என்று முனகிக்கொண்டே பரமேஸ்வரி ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடித்தாள். நான் ஏறியதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் தனியாக நிற்கப் பயமாக இருந்தது.

சுரங்கத்தின் கேட்டில் மழைக்கோட்டு போட்ட ஒருவர் வந்தார். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். "எங்க ஆளுங்கல்லாம் அப்பவே கெளம்பிட்டாங்கம்மா. வூட்டுக்குப் போங்க."

"ஏழுமலை?" என்றார் அக்கா.

"எந்த ஏழுமலை?"

அஞ்சலை கையை நீட்டினாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தம் காலியாகக் கிடந்தது. ஒரே ஒரு சைக்கிள். கேரியரில் அவள் உட்காருவதற்காகச் சாக்கு மடித்துக் கட்டியிருந்தது.

"கெளம்பிட்டாருன்னா, அது யாருதுங்க?" என்றாள்.

சூப்பர்வைசர் சைக்கிளைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார். கூட வந்தவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கேட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன். "நீங்க ஏங்க போகணும்? இப்பத்தானே வந்தீங்க?" லூர்து அக்கா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். கோபமாக இல்லை, முள் எடுப்பது போல.

பிறகு காத்திருந்தோம். மழை விடவில்லை. அக்கா கதையைத் தொடங்கவில்லை. ஜெபமாலை ஒரே மணியில் நின்றிருந்தது. "சொல்லுங்கம்மா," என்றாள் அஞ்சலை, "ஓடக்காரன் என்ன பண்ணான்?" அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினார். என் காதில் மட்டும், "பயமா கீதுடி," என்றார். லூர்து அக்காவுக்கே பயம் என்றால் எங்களுக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கதையை எடுத்தவள் பரமேஸ்வரி. "அந்தாளு ஓடத்தத் திருப்புனாரு. ஆத்துல தண்ணின்னா தண்ணி, இம்புட்டுத் தண்ணி..." என்று தலைக்கு மேல் கையைத் தூக்கினாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. படித்தவளாயிற்றே என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு முதலையை விட்டேன். "கெடிலத்துல ஏதுடி மொதல," என்று அக்கா அழுதுகொண்டே திருத்தினார். முதலையை வாபஸ் வாங்கினேன். அஞ்சலை ஓடத்தில் ஒரு லாந்தர் வைத்தாள். அப்படி ஆளுக்கொரு வரியாகத் தள்ளிக்கொண்டு போனோம்.

ஏழுமலையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஓடம் நடு ஆற்றில் இருந்தது. சரிவுக்கு அந்தப் பக்கம், பம்ப்பு மேடையில் ஒரு கால் மாட்டி, இடுப்பளவு சேற்றில் நின்றிருக்கிறார். அஞ்சலையைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தூக்குவாளி போயிட்ச்சுடி." அப்புறம் யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "நான் கத்திகினேதான் இருந்தேன். மேல எல்லாரும் பேசிகினு போற சத்தம் கேட்டுது."

அந்தக் கால் சரியாகவில்லை. கான்ட்ராக்டர் அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கவுமில்லை. அதற்காக நாங்கள் நடந்த நடையெல்லாம் வீண். மாறியது எங்கள் தெரு மட்டும்தான். அதற்குப் பிறகு பஸ் காலியானாலும் ஓடக்காரன் கயிற்றைத் தொடமாட்டான். சைக்கிள்கள் வர வேண்டும். விஷயம் எப்படியோ பரவி, கான்ட்ராக்ட் ஆட்கள் பலாமரத்தைத் தாண்டும்போது மணியடித்துவிட்டுப் போவார்கள். எங்களுக்குப் பேர் தெரியாதவர்கள்கூட.

லூர்து அக்கா முதுநகர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். பரமேஸ்வரி மதுரைக்கே போய்விட்டாள். அந்தத் தெருக் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கிறது, பலாமரம் ஒரு புயலில் போயிற்று. இப்போதும் ஷிப்ட் உண்டு, மழை உண்டு, கான்ட்ராக்ட் ஆட்கள் முன்னைவிட அதிகம் என்கிறார்கள். அவரவர் ஆள் வந்து சேர்ந்த செய்தி அவரவர் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது.

என் பரோட்டாவும் வந்தது. தொப்பலாக நனைந்திருந்தார் அந்த மனிதர், நாற்பது வயதிருக்கும். "வண்டி ஆஃப் ஆயிட்ச்சும்மா, தள்ளிகினு வந்தேன்." துண்டு கொடுத்தேன். தலையை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் வீடு, தம்பி?"

"குறிஞ்சிப்பாடிங்க."

"போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்றீங்களா?"

சிரித்துவிட்டார். "எதுக்கும்மா? ரேட்டிங் போட்டுவுடுங்க, போதும்." வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

திரையைப் பார்த்தேன். பொட்டலம் என் கைக்கு வந்த நொடியிலேயே குட்டி ஸ்கூட்டரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தெருமுனையில் மழைக்குள் அவர் முதுகு இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. நான் குடையோடு கேட்டிலேயே நின்றேன். பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. தெருவில் காத்து நிற்க என்னைத் தவிர யாரும் இல்லை.