இரண்டு பேருக்கு எத்தனை ஜிபி?

மடக்கிய நடுவிரலால் தொட்டியை அடியிலிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வருகிறார். டொம், டொம், டொம். நான்காவது தட்டில் சத்தம் 'டங்' என்று மாறுகிறது. "முக்காத் தொட்டி இருக்கு. கோளாறு குழாய்லதான்" என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிட்டுப் பையில் கைவிட்டு ஸ்பானரைத் தேடுகிறார். வீட்டுக்காரர் நம்பாமல் ஏறிப் பார்க்கிறார். முக்கால் தொட்டிதான் இருக்கிறது.

இருபத்தெட்டு வருடமாக மொட்டைமாடிகளில் தண்ணீர்த் தொட்டி ஏற்றும் பிளம்பர் அவர். அந்த வட்டாரத்துக்கே தொட்டிக்காரர். எவ்வளவு பெரிய தொட்டி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டுல எத்தனை பேர்?" பதில் வந்த கையோடு அளவும் வந்துவிடும். நாலு பேரென்றால் ஆயிரம் லிட்டர். இதில் அவர் தடுமாறி யாரும் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு அலைகிறார். வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாட, திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்க வேண்டும். அதில் மெமரி எட்டு ஜிபியா, பன்னிரண்டா, பதினாறா?

ஐம்பத்திரண்டு வயதில் விளையாட்டு எதற்கு என்று சிரிக்க வேண்டாம். ஒரே மகள் வேலை கிடைத்து மூன்று வருடமாகத் தொலைவில் இருக்கிறாள். போனில் பேசினால் "சாப்பிட்டியாம்மா", "சாப்பிட்டேன்ப்பா" என்பதோடு இருவருக்கும் சரக்கு தீர்ந்துவிடும். ஆனால் ஞாயிறு காலையில் இரண்டு பேரும் அவரவர் கம்ப்யூட்டரில், லாரி ஓட்டும் விளையாட்டில் ஆளுக்கொரு லாரியை எடுப்பார்கள். முன்னால் அவள், பின்னால் இவர். சாலையைப் பார்த்தபடி ஹெட்போனில் அவள் கொட்டித் தீர்ப்பாள்: மேலதிகாரியின் சிடுசிடுப்பு, அறைத்தோழியோடு சண்டை, ஒருமுறை காய்ச்சலில் தனியாகக் கிடந்தது. அதையெல்லாம் அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது அந்த விளையாட்டின் புதிய பாகம் வருகிறது. மகள் அதற்கு மாறப்போகிறாள். இவருடைய கார்டில் இருப்பது இரண்டே ஜிபி. புதியது அதில் திறக்கவே திறக்காது. "பரவாயில்லப்பா, நீங்க பழசையே ஓட்டுங்க" என்றாள் மகள். அந்தப் 'பரவாயில்ல' அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

விளையாட்டில் வரும் மலை, மழை, சாலை எல்லாவற்றையும் படமாகத் தேக்கி வைக்கும் இடம்தான் மெமரி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். தேக்குவது என்றதும் தெம்பு வந்தது, நம்ம தொழில்தானே! குழப்பமும் அங்கேதான் ஆரம்பித்தது. சின்னத் தொட்டி வாங்குகிறவர்கள்தான் விருந்தாளி வந்த அன்று இவருக்குப் போன் போடுகிறவர்கள். அதனால் பெரிதாக வாங்கு என்கிறது அனுபவம். தேவைக்கு மேல் பெரிதாக வைத்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும், தளமும் தாங்காது. அதனால் அளவாக வாங்கு என்பதும் அதே அனுபவம்தான்.

மதியம் மாடி நிழலில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்த்தார். ஒருவர் எட்டு குப்பை என்றார். அடுத்தவர் எட்டு தாராளம் என்றார். மூன்றாமவர் அரைமணி நேரம் பேசிவிட்டு உங்கள் தேவையைப் பொறுத்தது என்றார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்த்திராத மச்சினன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பதினாறு என்றான். "ஊருக்கெல்லாம் அளவு சொல்ற மனுஷன்!" என்று மனைவி முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

மகளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால், அப்பாவுக்கு ஏன் வீண்செலவு என்று எட்டே போதும் என்பாள். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

கடைக்குப் போனார். கண்ணாடி போட்ட ஒரு பெண் பொறுமையாக விசாரித்தாள். மானிட்டர் என்ன அளவு என்றாள். அதைக் கொண்டுதான் மெமரி சொல்ல முடியுமாம். இவர் வீட்டுக்கு ஓடி, இரும்பு டேப்பால் மூலைக்கு மூலை அளந்து, திரும்பி வந்து இருபத்துநாலு அங்குலம் என்றார். அவள் கேட்டது அங்குலத்தை அல்ல, திரையில் எத்தனை புள்ளிகள் என்பதை. புள்ளியை எந்த டேப்பால் அளப்பது? மறுபடி ஓடி, மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படம் பிடித்து வந்தார்.

அதைப் பார்த்துவிட்டு அவள் எட்டு போதும் என்றாள். இவர் தலையசைக்கவில்லை.

"நாங்க ரெண்டு பேரும்மா. நானும் என் மகளும் சேந்துதான் ஓட்டுவோம். ஆளுக்கு எட்டுன்னு வச்சா பதினாறு வருதே?"

"அவங்களுக்கு வேண்டியது அவங்க மெஷின்ல இருக்கும் சார். இங்க நீங்க ஒரு ஆள்தான்."

தொட்டிக்காரர் கண்ணாடி மேசையில் கையூன்றிக்கொண்டார். மூன்று வருடமாகியும் வீட்டுக் கணக்கில் அவர் மகளைக் கழிக்கவே இல்லை. அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

கடைசியில் பன்னிரண்டு வாங்கினார். ஏன் பன்னிரண்டு என்று மனைவி கேட்டதற்கு, "விருந்தாளி வந்தா?" என்றார்.

ஞாயிறு காலை புதிய விளையாட்டு திறந்தது. மலைப்பாதை, மழை, முன்னால் மகளின் லாரி. அவள் வேலை மாறலாமா என்று ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தாள். தொட்டிக்காரர் ஒரு கையால் மேசையில் பொருத்திய விளையாட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கம்ப்யூட்டர் பெட்டியை அடியிலிருந்து மேலாக விரலால் தட்டினார்.

"என்னப்பா, யாரோ கதவத் தட்டுற மாதிரி கேக்குது?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு" என்றவர், பெட்டியின் மேல்விளிம்பில் இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு, ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.