இரண்டெழுத்து விலாசம்

பித்தளை அண்டாவின் கழுத்தில் உளியை வைத்து ஆசாரி தட்டத் தொடங்கினால், அந்த 'டிக் டிக்' சத்தம் எங்கள் 'வளவு' எனும் உள்முற்றத்துத் தூண்களில் எல்லாம் மோதித் திரும்பும். எனக்குப் பல் கூசும். ஆனாலும் எழுந்து போக மனம் வராமல், உளி நகர நகர மஞ்சள் பொடியாகப் பித்தளைத் தூள் உதிர்வதையும், அதற்கடியில் ஏ, ஆர் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் முளைப்பதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

காரைக்குடியில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்தான் அடையாளம். அதை 'விலாசம்' என்போம். "ஏ.ஆர். வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்பார்களே தவிர என் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. அப்பாவை நாங்கள் அப்பச்சி என்று அழைப்போம். அப்பச்சி பினாங்கில் இருந்தார், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அப்படி வந்தபோது கொண்டுவந்த தடித்த ஆங்கில அகராதியின் விளிம்பில்கூட மையால் விலாசம் எழுதியிருந்தது.

அந்த அகராதியை வைத்துத்தான் என் அக்காள் விளையாட்டைக் கண்டுபிடித்தாள். அவளை நான் ஆச்சி என்பேன். அறுபதுகளின் தொடக்கம், அவள் பள்ளியிறுதி வகுப்பில் இருந்தாள், எனக்குப் பத்து வயது. இரண்டு எழுத்தும் அடுத்தடுத்து வருகிற ஆங்கில வார்த்தையாகப் பார்த்துச் சொல்லவேண்டும். ஏ.ஆருக்கு 'கார்டன்' என்பாள், 'ஹார்ட்' என்பாள். நான் அகராதியைப் புரட்டி 'வார்' என்பேன். சண்டை. அவள் 'ஃபியர்' என்பாள். பயம். இரண்டெழுத்துக்குள் தோட்டமும் இதயமும் சண்டையும் பயமும் ஒன்றாகக் குடியிருப்பதில் அப்போது எங்களுக்கு வியப்பொன்றும் இல்லை, சிரிப்புத்தான்.

அந்தத் தை மாதம் ஆச்சிக்கு இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டார்கள். மாப்பிள்ளை எப்படி இருப்பார், என்ன படித்தவர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கக்கூடாது. காதில் விழுந்தவை விலாசங்கள் மட்டும். நாட்டரசன்கோட்டை எல்.கே. வீட்டாருக்குப் பினாங்கில் தொழில். மாப்பிள்ளை கப்பலேறும் முன்பாக, மாசியிலேயே கல்யாணம் முடியவேண்டும் என்றார்கள். பள்ளத்தூர் எஸ்.பி. வீட்டார் வைகாசி வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். ஆச்சியின் பரீட்சை பங்குனியில். அதை எழுதிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஆகவே எங்களுக்குக் கிடைத்த எழுத்துகளில் தேடினோம். எல்.கே.யில் 'சில்க்', 'மில்க்', 'டாக்' என்று பட்டும் பாலும் பேச்சுமாக வந்து கொட்டின. எஸ்.பி.யில் முதலில் எனக்கு 'ஸ்பூன்' கிடைத்தது. அதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அடுத்துக் கிடைத்தது 'ஹாஸ்பிடல்'. ஆச்சி சட்டென்று அகராதியை மூடிவிட்டாள். எனக்கோ அந்த வார்த்தை மனசில் உட்கார்ந்துகொண்டது. இன்றும் அது முழுதாக எழுந்து போனதாகத் தெரியவில்லை.

பெரியவர்களுக்கும் முடிவெடுக்க முடியவில்லை. கோவிலில் 'பூக்கட்டிப் பார்ப்பது' என்று தீர்மானித்தார்கள். சிவப்பு அரளி பள்ளத்தூருக்கு, வெள்ளை நந்தியாவட்டை நாட்டரசன்கோட்டைக்கு. தனித்தனியே இலையில் பொதிந்து சாமி காலடியில் வைப்பார்கள். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கவேண்டும். எடுக்கச் சொன்னது என்னை.

நான் எடுத்த பொட்டலத்தைக் குருக்கள் பிரித்தார். சிவப்பு.

"அய்யோ, ஹாஸ்பிடல்!" என்று கத்திவிட்டேன்.

எங்கள் அம்மாவான ஆத்தாவின் முகம் வெளிறியது. "என்னத்தா சொன்ன?" என்றாள். "எஸ்.பி.க்கு அதுதேன் ஆத்தா வருது, ஆசுபத்திரி" என்றேன்.

"சன்னதியில பிள்ளை வாயில வந்துருச்சேண்ணே!" ஆத்தா தன் அண்ணனை, எங்கள் அம்மானை, பார்த்தாள். "இந்த இடம் வேணாம். நாட்டரசன்கோட்டைக்கே சொல்லி விட்டுருங்க."

அப்போதுதான் ஆச்சி பேசினாள். தலை நிமிரவில்லை, குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"ஆத்தா, அது சும்மா விளையாட்டு. நம்ம ஏ.ஆர். விலாசத்துல சண்டைங்கிற வார்த்தை இருக்கு, பயங்கிற வார்த்தையும் இருக்கு. அதுக்காக நீங்க அப்பச்சியக் கட்டிக்கிறாம இருந்தீகளா?"

அம்மான் வெடித்துச் சிரித்தார். "அன்னிக்கே இங்கிலீசு தெரிஞ்சிருந்தா ஒங்க ஆத்தா தப்பிச்சிருப்பா!"

"சும்மா இருங்கண்ணே. மூணு வருசத்துக்கு ஒருக்க வாரவுகளோட சண்டை போட எங்க நேரம்?" என்ற ஆத்தாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது அடங்கியதும் ஆச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப ஒனக்கு எது சம்மதம்?"

இத்தனை நாளாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"பரிச்சை எழுதிட்டுப் போறேன் ஆத்தா."

எழுதினாள். வைகாசியில் பள்ளத்தூருக்குப் போனாள்.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. போன வருஷம் அத்தானை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பார்க்கப் போனேன். வழியெல்லாம் அந்தப் பழைய வார்த்தைதான். ஆச்சி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள், என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "ஒன் வாக்குப் பலிச்சிருச்சுன்னு நெனைக்கிறியாக்கும்? இங்குட்டுப் பாரு" என்று கையிலிருந்ததை உயர்த்திக் காட்டினாள். "ஸ்பூன். இதையும் நீதானடி கண்டுபிடிச்ச." அத்தான் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அவளைப்போல எனக்கு ஏன் சிரிக்க வரவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அப்பா வீட்டு விலாசம் வி.இ. இந்த விளையாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா, கூடாதா என்று வெகுநாள் தயங்கினேன். சொல்லிக்கொடுக்கும் முன்பு, அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், அகராதியை எடுத்து அந்த இரண்டெழுத்தில் என்னென்ன ஒளிந்திருக்கின்றன என்று நானே பார்த்தேன். 'ஃபீவர்' இருந்தது. 'கிரேவ்' இருந்தது, கல்லறை. மூடி வைத்துவிட்டேன். நான் செய்வது சரியா என்று கேட்க, கோவிலில் அன்று பேசிய ஆச்சி பக்கத்தில் இல்லை.

ஏ.ஆர். என்று வெட்டிய அண்டாக்கள் இப்போது என் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அம்மான் போய்விட்டார். அந்த வளவு வீடு பூட்டிக் கிடக்கிறது. புளி போட்டுத் துலக்க ஆளில்லை என்று பித்தளையைப் போட்டுப் புதுப் பாத்திரமாக மாற்றியவள் நானேதான்.

கடைசியில் மனசு கேளாமல் ஒரு மாலை மகளிடம் விளையாட்டைச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஃபீவர் வருமோ கிரேவ் வருமோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அகராதி பக்கமே போகவில்லை. குடித்துக்கொண்டிருந்த பால் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், உதட்டுக்கு மேல் பால் மீசையோடு கத்தினாள்:

"எவர்சில்வர்! நம்ம விலாசம் இதுல ரெண்டு தடவை வருதும்மா!"

அகராதியை எடுத்துத் தேடினேன். அந்த வார்த்தை அதில் இல்லவே இல்லை.