பொறுமை டிரைவரின் இடது கால்

ஓடி வருகிறவர்களுக்காகப் பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி எடுத்ததால் அவருக்குப் பொறுமை டிரைவர் என்று பெயர் விழுந்தது. இருபத்தெட்டு வருஷம் ஒரே தடம். அந்தப் பொறுமையைச் சோதிக்கவென்றே அவருடைய இடது காலில் ஒரு நரம்பு வலி கிளம்பியது. இடுப்பில் பிடித்து, பின்தொடை வழியாக இறங்கி, குதிகாலில் போய்ச் சுரீரென்று குத்தும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிப்பது கண்ணாடியில் எல்லோருக்கும் தெரிந்தது.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்க வீட்டில் ஆளில்லை. மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பஸ்ஸில் கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் ஆளுக்கொரு கைவைத்தியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார்கள். பூட்டு ரிப்பேர்காரர் பூண்டு காய்ச்சிய எண்ணெய் என்றார். கணக்கு டீச்சர் 'உப்பு ஒத்தடம், பத்து நிமிடம்' என்று எழுதி அடியில் கோடும் போட்டார். தையற்காரம்மா மிளகாயை அரைத்துப் பூசச் சொன்னார்.

அவர் ஒன்றையும் விடவில்லை. ஒத்தடம் கொடுத்தால் ஒரு மணி நேரம் சுகம். பூண்டு எண்ணெய் பூசிய நாளில் முன் சீட்டுகள் எல்லாம் காலி. மிளகாய் பூசிய கையோடு கண்ணைக் கசக்கிவிட்டார். பஸ் பத்து நிமிஷம் ஸ்டாப்பிலேயே நின்றது.

"யாரை நினைச்சுண்ணே இப்படி அழறீங்க?" என்றான் கண்டக்டர்.

"உன்னை நினைச்சுத்தான்டா. தண்ணி கொண்டா மொதல்ல!"

பலித்ததோ இல்லையோ, ஒரு சீட்டையும் அவர் எறியவில்லை. அக்கறையோடு எழுதிக் கொடுத்ததை எப்படிக் குப்பையில் போடுவது? மடித்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். வைத்தியம் கூடக் கூட வலியும் கூடியதுதான் அவருக்குப் புரியவில்லை.

டிப்போவுக்குத் தகவல் போனது. பதினைந்து நாளில் பரிசோதனை; கிளட்சை முப்பது தடவை விடாமல் மிதித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் டிப்போ கேட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து பஸ் போகிற நேரம், வருகிற நேரம் எழுதும் வேலை. தன் பஸ்ஸை வேறொருவன் ஓட்டிப்போக, தானே நேரம் குறிப்பதா?

கண்டக்டர் அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனான். அந்தம்மா அவருடைய காலைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"பலம் குறையல, மரத்தும் போகல. வீட்ல என்னென்ன செஞ்சீங்க?"

டிரைவர் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை உருவி, சீட்டுகளை மேஜையில் பரப்பினார். இருபத்து மூன்று. டாக்டர் ஒன்றையும் படிக்கவில்லை.

"இதை எங்க வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறீங்க?"

"இங்கதாம்மா." இடது பின்பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார்.

"நாள் முழுக்கவா? அந்த நரம்பு மேலயா?"

கண்டக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, அத்தனை வைத்தியத்து மேலயும் ஏறி உக்காந்துக்கிட்டா வலி எப்படிப் போகும்?"

"பர்ஸை மொதல்ல வேற எடத்துக்கு மாத்துங்க," என்றார் டாக்டர். "ஒத்தடம் இதமா இருக்கும், கொடுங்க. மிளகாய் வேண்டாம். வண்டி நிக்கிறப்பல்லாம் எறங்கி நடங்க. கால் மரத்துப்போனாலோ தளர்ந்தாலோ, ஒத்தடத்தை நம்பி உக்காராம ஓடி வாங்க."

"ஓட முடிஞ்சா வலின்னு எதுக்கும்மா வரப்போறேன்?"

சொன்னபடி செய்தார். உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. ஐந்தாம் நாள் குதிகால் குத்து நின்றது. பத்தாம் நாள் தொடை இளகியது. இடுப்பில் மட்டும் கொஞ்சம் மிச்சம். பரிசோதனையில் முப்பதை எண்ணி முடித்த அதிகாரி "போதும்" என்ற பிறகும் இவர் இரண்டு தடவை மிதித்தார்.

மறுநாள் பஸ்ஸில் கணக்கு டீச்சர் ஒரு புதுச் சீட்டை நீட்டினார். "மிச்ச வலிக்கு."

அவர் படித்து, பத்திரமாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார்.

"போச்சு!" என்றான் கண்டக்டர். "இனி நெஞ்சுவலிக்கு எழுதி வாங்கணும்."

பொறுமை டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் யாரோ ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கிளட்சை மிதித்து நிறுத்தினார்.