ஏழுமலை சட்டை போட்ட திருஷ்டி பொம்மை

எனக்கு இந்தப் பேய் பிசாசு கதையெல்லாம் சுத்தமா ஆகாது சார், யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போயிடுவேன். இதைச் சொன்னா நீங்க மனசுக்குள்ள சிரிப்பீங்கன்னும் தெரியும், சிரிங்க. ஆனா இது நான் கண்ணால பார்த்தது, இந்தக் காதால கேட்டது. அந்த மேஸ்திரிக்கு நடந்ததுக்கு நான் இன்னிக்கு வரைக்கும் பரிதாபப்படல, அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

எழுபதுகள்ல, கும்மிடிப்பூண்டியில அப்பதான் கம்பெனிங்க ஒண்ணொண்ணா வந்துகிட்டிருந்த நேரம். பொட்டல் காட்டை வளைச்சுப் போட்டு எங்க பார்த்தாலும் ஜல்லி, மணல், கம்பி. நான் ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் படிச்சுகிட்டிருந்தேன், கூடப் படிச்சவன் கபீர், பழவேற்காட்டுல ஜவுளிக்கடை வெச்சிருந்த குடும்பத்துப் பையன். ரெண்டு பேருக்கும் மெட்ராஸ் பைத்தியம். ஆனா ரயிலேறிப் போய் பீச்சுல ஒரு சுண்டல் தின்னுட்டு வரணும்னா கூட பல நாள் டீ குடிக்காம வாயைக் கட்டணும், அப்படி ஒரு பாக்கெட் எங்களுக்கு.

இதுக்கு வழி காட்டினவர் ஏழுமலை. ஒரு கம்பெனிக்குப் பெரிய தண்ணி டேங்க் கட்டிகிட்டிருந்தாங்க, அதுல சாரம் கட்டுறவர் அவரு. எங்க தெருவுக்குப் பின்னாலதான் குடியிருந்தார், சம்சாரம் கண்ணியம்மா அதே வேலையில சித்தாள். "மெட்ராஸ பாக்க மெட்ராஸுக்கே போவணுமா இன்னா, ஏறி வாங்கடா"ன்னு ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிஞ்சதும் மேல கூட்டிட்டுப் போனார். கிழக்கால பழவேற்காடு ஏரி, அதுல பாய் கட்டின படகுங்க. தெற்கால எண்ணூர்ப் பக்கம் புகை. இருட்ட ஆரம்பிச்சா அதுக்கும் அந்தாண்ட வானத்தோட அடியில மஞ்சளா ஒரு வெளிச்சம் கிளம்பும் பாருங்க, அதுதான் மெட்ராஸ். கபீர் அது மவுண்ட் ரோடும்பான், நான் பீச்சும்பேன், ரெண்டும் புளுகுதான், ஆனா அந்த சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. அப்புறம் தினமும் அங்கதான் கிடப்போம்.

அந்த டேங்குலதான் ஏழுமலை விழுந்தார். சாரக் கயிறு நைஞ்சு போச்சு, வேற வாங்கிக் குடுங்கன்னு மேஸ்திரிகிட்ட கேட்டிருக்கார், மேஸ்திரி "இதுவே போதும், ஏறு"ன்னுட்டான். கயிறு அறுந்தது, ஆள் அங்கயே முடிஞ்சார். போலீசு வந்து கேட்டப்ப அந்தப் படுபாவி கொஞ்சம் கூட கூசாம "குடிச்சிட்டு ஏறினான் சார், நான் வேணான்னுதான் சொன்னேன்"னு சொன்னான். ஏழுமலை சாராய வாடையே ஆகாத மனுஷன் சார். போலீசும் அப்படியே எழுதிகிட்டுப் போயிட்டாங்க.

கண்ணியம்மா அதுக்கப்புறம் ஒரே பேச்சுதான் பேசுவாங்க. "அவரு போனதுக்கு அயுது முட்சிட்டேன். குடிகாரன்னு சொன்னான் பாரு, அத்த அவன் வாயாலயே இல்லன்னு சொல்லணும். அதுவரிக்கும் நான் உட மாட்டேன்." சொன்ன மாதிரியே வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாம டேங்குக்குக் கீழ மணல் மேட்டுல உட்கார்ந்து மேஸ்திரியையே பார்த்துகிட்டிருப்பாங்க. அவன் பீடியைப் பத்த வெச்சுகிட்டு சிரிச்சுகிட்டே தாண்டிப் போவான்.

ஆள் செத்த கட்டடமாச்சே, ஊர்க்கண்ணு பட்டிருக்கும்னு மேஸ்திரி உச்சியில ஒரு திருஷ்டி பொம்மை கட்டச் சொன்னான். வைக்கோலை அடைச்சு, பானையைத் தலையா கவுத்து, சுண்ணாம்புல கண்ணும் தொங்குற நாக்கும் வரைஞ்சு வெப்பாங்களே, அதேதான். அதுக்குத் துணி வேணும் இல்லையா, ஷெட்டுல ஆணியில ஏழுமலையோட சட்டை தொங்கிகிட்டிருந்தது, அதையே எடுத்து மாட்டிட்டான். செத்தவங்க துணியை வண்ணாருக்குக் குடுப்பாங்க, ஆத்துல விடுவாங்க, யாராவது ஊரே பார்த்து கண்ணு வைக்கிறதுக்கு உச்சியில கட்டுவானா? கண்ணியம்மா போய்க் கேட்டதுக்கு "செத்தவன் சொக்கா உனுக்கு இன்னாத்துக்கு"ன்னு துரத்தி விட்டான்.

அன்னிக்கு சாயங்காலம் நானும் கபீரும் மேலதான் இருந்தோம். பொம்மை ரோட்டைப் பார்த்து நிக்குது, நாங்க அதுக்கு முதுகைக் காட்டிகிட்டு மெட்ராஸ் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கோம். "யார்றா அது மேல, உங்களுக்கு வேற எடமே கெடிக்கலியா"ன்னு மேஸ்திரி கத்திகிட்டே படியேறி வந்தான். திட்டு வாங்கத் தயாரா எழுந்து திரும்பினா, நம்புங்க நம்பாம போங்க, பொம்மை படியைப் பார்த்து நின்னுகிட்டிருந்தது. காத்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, கபீர் என் கையைப் புடிச்சுகிட்டான்.

மேஸ்திரி எங்களைத்தான் சந்தேகப்பட்டான். "பொம்மைய எவன்டா திருப்பனது"ன்னு ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லிகிட்டே அதைத் தோளைப் புடிச்சு ரோட்டுப் பக்கம் திருப்பினான். திருப்பின கை திரும்ப வரல. பொம்மையைக் கட்டியிருந்த கயிறு அவன் மணிக்கட்டைச் சுத்திக்கிச்சு. எப்படி சுத்துச்சுன்னு கேட்காதீங்க, நான் பார்த்துகிட்டேதான் இருந்தேன், எனக்கே தெரியாது. அவன் இழுக்க இழுக்க அது இறுகுது. அப்புறம் பொம்மை மெதுவா வெளிப்பக்கமா சாய ஆரம்பிச்சது. வெறும் வைக்கோல் சார், அந்த வைக்கோல் ஒரு ஆளை விளிம்பு வரைக்கும் இழுத்துகிட்டுப் போகுது. கபீர் ஓடிப் போய் அவன் இடுப்பைக் கட்டிப் புடிச்சான், நானும் புடிச்சேன், எங்க மூணு பேரையும் சேர்த்து இழுக்குது.

"நைனா, அவுத்து உடு நைனா"ன்னு அந்த ஆள் என்னைப் பார்த்துக் கெஞ்சினான். எனக்கு அப்போ பயத்தை விட கோவம்தான் சார் தலைக்கு ஏறுச்சு. "ஏழுமலை குடிச்சாரா?"ன்னு கேட்டேன். "இல்ல, இல்ல"ன்னான். "எனக்கு எதுக்குச் சொல்ற, கீழ அந்தம்மா உக்காந்துகினு கீது பாரு, அதுக்குச் சொல்லு"ன்னேன். அவன் தொண்டை கிழியக் கத்தினான். "ஏழுமலை குடிக்கல, கவுறு நைஞ்சது எனக்குத் தெரியும், நான்தான் ஏத்தினேன்." டீக்கடையில நின்னவங்க, சைக்கிள்ல போனவங்க எல்லாரும் அண்ணாந்து பார்த்தாங்க. அந்த நிமிஷம் கயிறு தளர்ந்து போச்சு, நாங்க மூணு பேரும் மல்லாக்க விழுந்தோம். பொம்மை மட்டும் கீழ போச்சு. அது விழுந்த சத்தம் வைக்கோல் விழுந்த சத்தம் இல்ல சார், அதுக்கு மேல நான் சொல்லல. இறங்கிப் போய்ப் பார்த்தப்ப கண்ணியம்மா அந்தச் சட்டையைக் கழட்டி மடிச்சு எடுத்துகிட்டுப் போயிருந்தாங்க.

அதோட முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். மறுநாள்லேர்ந்து மேஸ்திரி எதுக்கு வாயைத் திறந்தாலும் முதல்ல அந்த வாக்கியம்தான் வருது. கடையில பீடி கேட்கப் போனாலும் "ஏழுமலை குடிக்கல", அப்புறம்தான் பீடி. முதலாளிங்க முன்னால நின்னாலும் அதுதான். ஊரே சிரிச்சது, நானும் வயிறு வலிக்க சிரிச்சேன். அவன் வேலை போச்சு. தர்காவுக்கும் கோயிலுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் அலைஞ்சாங்க, நிக்கல.

கொஞ்ச வருஷம் கழிச்சு ஒரு மத்தியானம், நான் கண்ணியம்மா வீட்டுக் கூரையில கீத்து மாத்திகிட்டிருந்தேன். மேஸ்திரி சம்சாரம் அவனைக் கையைப் புடிச்சுக் கூட்டிகிட்டு வந்தாங்க. பஸ்ல எல்லாரும் பார்க்கறாங்கன்னு அவன் வாயைத் துண்டால இறுக்கிக் கட்டியிருந்தாங்க. "மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா, ஊடு நாசமா போச்சு"ன்னு அந்தம்மா கண்ணியம்மா கால்ல விழுந்து அழுதாங்க. கண்ணியம்மா மீன் ஆய்ஞ்சுகிட்டிருந்தாங்க, நிமிரவே இல்ல.

அப்பதான் அது கேட்டுச்சு. துண்டு கட்டினது கட்டினபடி இருக்கு, உதடு அசையல, அந்த ஆள் நெஞ்சுக்குள்ளேர்ந்து வருது. "ஏழுமலை குடிக்கல." அதுவரைக்கும் அவன் அதை அவன் குரல்லதான் சொல்லிகிட்டிருந்தான். அன்னிக்கு வந்தது ஏழுமலை குரல். நான் கூரை மேல அப்படியே உட்கார்ந்துட்டேன்.

கண்ணியம்மா கையைக் கழுவினாங்க, முந்தானையில துடைச்சாங்க, கலைஞ்ச முடியை ஒதுக்கிகிட்டு அந்த ஆள் நெஞ்சுக்குப் பக்கத்துல போய் நின்னாங்க. அவங்க முகத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் ஏழுமலை இருந்த நாள்ல கூட பார்த்ததில்ல.

"நீ அயுவாதம்மா, அவுரு பேசறது காதுல வியல" அப்படின்னாங்க மேஸ்திரி சம்சாரத்துகிட்ட. "இவன இட்டுகினு போயிடாத. அவுரு இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்."