முதல் ஆளாக யாரை எடுப்பது

விரி என்ற புறநகரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஆனந்தராசாவுக்கு நாக்கில் சனி. மற்றபடி அவரைப்பற்றிக் குறை சொல்ல யாராலும் முடியாது.

அந்த நாக்குத்தான் 1994 தமிழர் விளையாட்டு விழாவில் வேலையைக் காட்டியது. தன் அணிக்குக் கோல் காத்து நின்ற யசீகரனின் கால்களுக்கிடையே பந்து புகுந்துவிட, பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் கேட்கும்படி, "இதுக்கு நீ வீட்டிலை படுத்திருக்கலாம்!" என்று கத்திவிட்டார். இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த புதிதில் ஒடாஹுஹு என்ற பகுதியில் ஒரே அறையில், ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இருவரும். அன்றோடு பேச்சு நின்றது. யசீகரன் பந்து இருக்கும் பக்கமே வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து யசீகரன் மறுபடி விளையாடப் பெயர் கொடுத்திருந்தார். சேதி கேட்டு ஆனந்தராசாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

அணி பிரிக்கிற நாளுக்கு ஆட்டத்தைவிட மவுசு அதிகம். எல்லாரும் மண்டபத்தில் கூடியிருக்க, நாலு தலைவர்களும் முறை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். முதலில் கூப்பிடப்பட்டவர் வருடம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார். அந்த முறை சீட்டுக் குலுக்கியதில் முதல் வாய்ப்பு, தலைவர்களில் ஒருவரான ஆனந்தராசாவுக்கு.

"யசியை முதல் கூப்பிடுங்கோ. பழசெல்லாம் அதோடை சரிவந்திடும்" என்றார் மனைவி புஷ்பவதி, ரானுயியில் வீட்டு வாசலில் கார் ஏறும்போதே.

"கூப்பிடாமல் விடுவனே? ஆனா கோல்கீப்பரை ஆரப்பா முதல் எடுக்கிறது? ஒருத்தரும் தொடமாட்டினம். முதல் சரத். ரெண்டாம் முறை யசி. ரெண்டு பேரும் எங்களுக்குத்தான்."

கணக்கு என்னவோ சரியான கணக்குத்தான். சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருந்த சரத்தைப்போல் பந்தாட அங்கே வேறு ஆள் கிடையாது. கோல் என்பதோ, நம் ஆட்களைப் பொறுத்தவரை, ஓட முடியாதவனைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடம். அதை யார் போட்டி போட்டு எடுப்பார்கள்?

மண்டபத்தில் யசீகரன் முன்வரிசையில் இருந்தார். புதுச்சட்டை, மழமழவென்று சவரம். ஆனந்தராசா எழுந்ததும் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரத்" என்றார் ஆனந்தராசா.

அடுத்தது சுப்பிரமணியன். திருச்சிக்காரர், தலைவராக அதுதான் அவருக்கு முதல் வருடம். வழக்கமெல்லாம் அவருக்கு என்ன தெரியும்?

"எனக்கு மொதல்ல கோல்கீப்பர் வேணும். யசீகரன், வாங்க."

யசீகரன் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இறுதியாட்டத்தில் அந்த இரண்டு அணிகளும்தான் மோதின. யசீகரன் பாய்ந்து பாய்ந்து தடுத்தும், சரத் இரண்டு கோல் போட்டுவிட்டான். இத்தனை வருடத்தில் முதல்தடவையாகக் கோப்பை ஆனந்தராசா கைக்கு வந்தது. படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவர் அதைச் சரத்திடம் கொடுத்துவிட்டு மைதானத்தைக் கடந்து போனார். யசீகரன் புல்லில் உட்கார்ந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"யசி, அண்டைக்குக் கத்தினது என்ரை பிழை. இந்தமுறை உன்னை அடுத்ததா எடுக்கத்தான் இருந்தனான். உண்மையா."

"தெரியும்" என்றார் யசீகரன். குரலில் கோபம் துளியும் இல்லை. "இவன் எங்கை போகப்போறான், எப்பிடியும் இருப்பான்தானே எண்டு நினைச்சிருப்பாய்."

யசீகரன் மற்றச் சப்பாத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சுப்பிரமணியனின் ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த பக்கம் போனார்.